மடங்கும் டிகிரியை மட்டும் எண்ணாதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு மடங்குது?" என்பதுதான். 90 என்றால் ஒரு தலையாட்டல். 110 என்றால் பாராட்டு. "முழுசா நீட்ட வருதா?" என்று கேட்பவர் அபூர்வம். ஆறு மாதம் கழித்து அவர் நேராக நடப்பாரா, விந்தி விந்தி நடப்பாரா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது யாரும் கேட்காத இந்தக் கேள்விதான்.

கணக்கைப் பார்க்கலாம். சமதரையில் நடக்கும்போது காலைத் தூக்கி முன்னே வீச 60 முதல் 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற 80-க்குச் சற்று மேல். படி இறங்க 90-ஐ ஒட்டி. நாற்காலியிலிருந்து எழ, அதன் உயரத்தைப் பொறுத்து 90 முதல் 105. ஆக, 110 டிகிரி வந்துவிட்டால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையில் படும் நொடியில் முழங்கால் கிட்டத்தட்ட 0 டிகிரிக்கு வந்தாக வேண்டும். நாளுக்கு 3000 அடி நடந்தால் அந்தக் காலுக்கு மட்டும் 1500 தடவை. அங்கே 10 டிகிரி குறைந்தால் கால் குட்டையாகிவிட்டது போல உடம்பு அந்தப் பக்கம் சாயும். நாளடைவில் இடுப்பும் கீழ்முதுகும் சேர்ந்து வலிக்கத் தொடங்கும்.

முழுக்க நீண்ட காலில் நிற்கும்போது உடல் எடையை எலும்பும் தசைநார்களுமே பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. தொடைத் தசைக்கு ஓய்வு. நல்ல காலை லேசாக மடக்கி அதிலேயே இரண்டு நிமிடம் நின்று பாருங்கள், தொடை எரியும். முழங்கால் நீளாதவர் நாள் முழுக்க அந்த எரிச்சலோடுதான் நடக்கிறார், அதுவும் ஆபரேஷனால் பலவீனப்பட்ட தசையை வைத்துக்கொண்டு. "கொஞ்ச தூரம் போனாலே கால் சோர்ந்துபோகுது" என்பவரைப் படுக்க வைத்து, முழங்காலுக்குப் பின்னால் கையை நுழைத்துப் பார்த்தால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

தலையணை செய்யும் கெடுதல்

ஆபரேஷனுக்குப் பின் மூட்டுக்குள் ரத்தமும் நீரும் தேங்கும். முழங்கால் 20, 30 டிகிரி மடங்கியிருக்கும்போதுதான் மூட்டு உறைக்குள் அந்த நீருக்கு அதிக இடம் கிடைக்கிறது. அப்போது உள்ளே அழுத்தம் குறையும், வலியும் குறையும். அதனால் கால் தானாகவே அந்த நிலைக்குப் போய் நிற்கும். அடியில் ஒரு தலையணையை வைத்துவிட்டால் அத்தனை சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் இரண்டு வாரம் படுத்திருந்தால் முழங்காலின் பின்பக்க உறையும் பின்தொடைத் தசையும் அந்த நீளத்துக்கே சுருங்கிப் பழகிவிடும். பிறகு நீட்டுவது மாதக்கணக்கான வேலை. முழங்கால் பகுதி மட்டும் மேலே எழும்பும் கட்டிலும், சாய்வு நாற்காலியும் இதே கெடுதலைத்தான் செய்கின்றன. தலையணை வேண்டுமென்றால் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் இருக்கட்டும். முழங்காலுக்கு அடியில் காற்றுதான் இருக்க வேண்டும்.

நீட்டுவதற்கான பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி, 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். அதைக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வையுங்கள். கெண்டைக்காலும் முழங்காலும் எதையும் தொடாமல் தொங்க வேண்டும். மல்லாந்து படுத்தும் செய்யலாம், நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இன்னொரு நாற்காலியில் குதிகாலை ஏற்றியும் செய்யலாம். முதல் வாரம் 3 முதல் 5 நிமிடம் தாங்கினால் பெரிது. மெல்ல 10, 15 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். நாளுக்கு 3, 4 தடவை. கடைசி ஒரு நிமிடத்தில் பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை.

இதைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். வலியிலிருந்து தப்பிக்க, பாதம் வெளிப்பக்கம் சரிந்துவிடும். பாதம் சரிந்தால் தொடை முழுவதும் வெளியே உருளும், முழங்கால் ஓசையில்லாமல் மடங்கிக்கொள்ளும். நேரம் ஓடும், பயன் இருக்காது. கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாதம் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தால் வெளிப்பக்கம் ஒரு சிறிய தலையணையை முட்டுக் கொடுங்கள்.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. கெட்டியான மெத்தையிலோ தரைவிரிப்பிலோ காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்குழிக்கும் படுக்கைக்கும் இடையே எத்தனை விரல் அடுக்கி நுழைகிறது என்று பாருங்கள். நல்ல காலிலும் அதேபோலப் பாருங்கள். நல்ல காலில் ஒரு விரல், மாற்றிய காலில் மூன்று விரல் என்றால் அந்த இரண்டு விரல்தான் பாக்கி. வாரம் ஒருமுறை குறித்துவைத்தால் போதும். தினமும் அளந்தால் மனம்தான் சோரும்.

சுவிட்ச் அணைந்த தசை

ஆபரேஷன் முடிந்த மறுநாள் "தொடையை இறுக்குங்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும்போது பலருக்கும் ஒரு திகில் வரும். மூளை கட்டளை போடுகிறது; தொடை அசையவே மாட்டேன் என்கிறது. கால் தன்னுடையதே இல்லை போல இருக்கும். இது சோம்பலும் இல்லை, நரம்பு அறுந்ததும் இல்லை. மூட்டு வீங்கி, உறை இழுபடும்போது அங்கிருந்து முதுகுத்தண்டுக்குப் போகும் செய்தி, முன்தொடைத் தசையான குவாட்ரிசெப்ஸை அடக்கிவைக்கிறது. மூட்டைக் காக்க உடம்பு வைத்திருக்கும் பழைய ஏற்பாடு அது. நலமான முழங்காலில் 20, 30 மி.லி. உப்புநீரை ஊசியால் ஏற்றினாலே உள்பக்கத் தொடைத் தசை தளர்ந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு மேசைக்கரண்டி நீர்தான் அது. ஆபரேஷனான மூட்டில் இருப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். முதல் மாதத்தில் குவாட்ரிசெப்ஸின் வலு, ஆபரேஷனுக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது சாதாரணம். இந்த இழப்பில் பெரும்பகுதி தசை மெலிந்ததால் வருவதில்லை. தசை அங்கேயேதான் இருக்கிறது, அதை எழுப்பத்தான் ஆளில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரத்தின் முக்கிய வேலை அந்தச் சுவிட்சைப் போடுவது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தால் படுக்கையை அழுத்துங்கள். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடையை நோக்கி ஒரு செ.மீ. அளவு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சில்லு நகரவில்லை, பிட்டம் மட்டும் இறுகுகிறது என்றால் வேறு தசை அந்த வேலையைச் செய்கிறது என்று பொருள். அப்போது இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். நல்ல காலைப் பார்த்து மற்றதும் பிடித்துக்கொள்ளும். சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக விரல்நுனியால் தட்டிக்கொண்டே இறுக்குவதும் உதவும். 5 விநாடி பிடிப்பு, 10 முறை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சுற்று. எத்தனை தட்டியும் எழுப்ப முடியாவிட்டால் மின்தூண்டல் கருவி இருக்கிறது. தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டித் தசையைச் சுருங்க வைப்பது. அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைப் பரிந்துரைக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும். தசை கண்ணுக்குத் தெரியும்படி வலுவாகச் சுருங்கும் அளவுக்கு மின்சாரம் ஏற வேண்டும். குறுகுறுப்போடு நிறுத்திவிட்டால் அது வெறும் சடங்கு.

அடுத்தது நேர்க்கால் தூக்கல். தொடையை முதலில் இறுக்கி, முழங்காலைப் பூட்டி, பிறகு குதிகாலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவது. தூக்கும்போது குதிகால் கிளம்புவதற்கு முன்பே முழங்கால் மடங்கினால் அது பின்தங்கல். கையால் நீட்டிவிட்டால் நீள்கிறது, தானாக நீட்டினால் 10 டிகிரி குறைகிறது என்பதே அதன் பொருள். பின்தங்கல் இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, பாதத்தை மட்டும் தூக்கி நீட்டும் குறைந்த வீச்சுப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். மறந்தால் அதுவும் தலையணைக் கதைதான்.

வீக்கம்தான் அளவுகோல்

மேலே சொன்னதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். வீக்கம் கூடினால் தசை அணையும், தசை அணைந்தால் நடை கெடும், நடை கெட்டால் வீக்கம் இன்னும் கூடும். எனவே எத்தனை பயிற்சி, எத்தனை அடி என்பதை வீக்கத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வலியை மட்டும் கேட்டால் அது ஏமாற்றும். மாத்திரை வலியை மறைக்கும், வீக்கத்தை அப்படியே விட்டுவைக்கும்.

தினமும் காலையில் எழுந்ததும், நடக்கத் தொடங்கும் முன், தையல்காரர் டேப்பை முழங்கால் சில்லின் நடுவே சுற்றி அளந்து எழுதி வையுங்கள். முதல் பத்து நாள் எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு முந்தைய காலையைவிட ஒரு செ.மீ. கூடியிருந்தால் நேற்று அளவு மீறிப் போயிருக்கிறீர்கள். இன்று நடையைப் பாதியாக்குங்கள், நீட்டும் பயிற்சியையும் தொடை இறுக்கலையும் மட்டும் விடாதீர்கள். உற்சாகமானவர்கள்தான் இங்கே அதிகம் சிக்குகிறார்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் வலி குறைந்ததும் தெருக்கோடி வரை போய்வந்து, மறுநாள் முழங்கால் பூசணிபோல் உப்பி, மூன்று நாள் மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

வீக்கத்தை இறக்கக் காலை உயர்த்துவது என்றால் இதயத்தைவிட உயரத்தில். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்வது உயர்த்துவதாகாது. மல்லாந்து படுத்து, கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தலையணைகளை அடுக்கி, முழங்கால் நேராக, 20 முதல் 30 நிமிடம். கூடவே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தபடி இருங்கள். கெண்டைக்கால் தசை ஒரு பம்பு மாதிரி. அசைக்க அசைக்க ரத்தத்தையும் நீரையும் மேலே தள்ளும். ஐஸ் பேக்கைத் துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், பயிற்சி முடிந்த கையோடு. வெட்டுக்காயத்தின் வெளிப்பக்கத் தோல் பலருக்கும் மரத்துப்போயிருக்கும். அங்கே போகும் சிறிய தோல் நரம்புக்கிளை கீறலில் அறுபடுவதைத் தவிர்க்க முடிவதில்லை. மரத்த தோலுக்குக் குளிர் சுடுவது தெரியாது. எனவே "தாங்க முடிகிறதே" என்று அரை மணி, முக்கால் மணி வைத்துவிட்டால் தோல் புண்ணாகும். கடிகாரத்தைப் பார்த்து எடுங்கள்.

முதல் வாரக் கடைசியில் தொடையிலும் கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவது ரத்தம் கீழே இறங்கியதன் அடையாளம். பயப்பட வேண்டியதில்லை. முழங்கால் தொட்டால் சூடாக இருப்பது மாதக்கணக்கில் நீடிக்கும். நடக்கும்போது "டக் டக்" என்று கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் ஓசை. வலியோ வீக்கமோ கூடச் சேர்ந்து வந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இனி மடக்குவதற்கு வருவோம்

நீட்டுவது பற்றி இத்தனை சொன்னதால் மடக்குவதைத் தள்ளிப்போடலாம் என்று அர்த்தமில்லை. தழும்புத் திசு முதல் ஆறு வாரம் இளகியிருக்கும். மூன்று மாதத்தில் கெட்டிப்பட்டுவிடும். இந்த ஜன்னல் ஒருமுறைதான் திறந்திருக்கும். தோராயமாக, இரண்டாம் வாரக் கடைசியில் 90, ஆறாம் வாரத்தில் 105 முதல் 110, மூன்றாம் மாதத்தில் 115 முதல் 120 என்பது நல்ல போக்கு. ஆபரேஷனுக்கு முன்பே 95 டிகிரிதான் மடங்கியது என்றால் பிறகு 130 எதிர்பார்ப்பது நியாயமில்லை. பழைய வீச்சுதான் புதிய வீச்சைப் பெருமளவு முடிவு செய்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரரின் டிகிரியோடு ஒப்பிடுவதைப் போல வீணான காரியம் வேறில்லை.

படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பதுதான் தொடக்கம். படுக்கை விரிப்பில் குதிகால் உரசி நிற்கும். வழுக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றை அடியில் போட்டு, காலுறை அணிந்து இழுத்தால் சுலபம். உட்கார்ந்து செய்வது இன்னும் பலன் தரும். கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முடிந்தவரை பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றுங்கள். பாதம் அங்கேயே இருக்க, பிட்டத்தை மெல்ல முன்னே நகர்த்துங்கள். முழங்கால் தானே மடங்கும். இழுவை தெரியும் இடத்தில் 20, 30 விநாடி நில்லுங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், இன்னும் ஒரு விரற்கடை நகருங்கள். ஐந்து முறை. பிட்டம் ஒருபக்கமாகத் தூக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பைத் தூக்கினால் மடங்கியது போலத் தோன்றும், மடங்கியிருக்காது.

மூச்சைச் சும்மா சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கும்போது முன்தொடைத் தசை முழு இறுக்கத்தில் எதிர்த்து நிற்கும். நீங்களே ஒரு கையால் கதவைத் தள்ளி, மறுகையால் இழுத்துப் பிடித்தால் எப்படியோ அப்படி. மடக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் 5 விநாடி மெதுவாக நீட்ட முயன்று (பாதம் நகராமல்), தளர்த்தி, பிறகு மடக்கினால் தசை விட்டுக்கொடுக்கும்.

வலியிலும் வகை உண்டு. முழங்காலின் முன்பக்கம் முழுக்க இறுக்கிக் கட்டியது போன்ற இழுவை, விட்டதும் ஓரிரு நிமிடத்தில் தணிந்தால் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்துவதும், இரவு முழுக்க விண் விண்ணென்று தெறிப்பதும் அளவு மீறியதைச் சொல்கின்றன. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு 30 முதல் 45 நிமிடம் முன்பு போட்டுக்கொள்வது நல்ல உத்தி; மருத்துவர் எழுதிய வேளைகளுக்குள்ளேயே அப்படி அமைத்துக்கொள்ள முடியும். வீட்டில் இருப்பவர்கள் உதவுகிறேன் என்று காலைப் பிடித்து அழுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் கை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறியாது. பயந்த தசை மறுநாள் இன்னும் இறுகும். சில நேரம் தையலும் பிரியும்.

தானே மடக்கி நீட்டும் மின்கருவியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் மூட்டு மாற்றிய ஒவ்வொருவரின் கட்டிலிலும் அது இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. சிக்கலில்லாத ஆபரேஷனுக்குப் பின் அது வேண்டாம் என்றே மேற்சொன்ன 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. அது ஓடும்போது நோயாளி படுத்திருக்கிறார், தசை தூங்குகிறது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

நிலைச் சைக்கிள் கைகொடுக்கும். முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 105 முதல் 110 டிகிரி வேண்டும். அதுவரை பெடலை முன்னும் பின்னுமாக ஊஞ்சல்போல ஆட்டுங்கள். முதல் முழுச் சுற்று பெரும்பாலும் பின்னோக்கித்தான் எளிதாக வரும். இருக்கையை உயர்த்தித் தொடங்கி, வாரத்துக்கு ஒரு துளை கீழே இறக்குங்கள்.

ஆறாம் வாரம் தாண்டியும் 90-ஐத் தொடவில்லை, வாரத்துக்கு வாரம் முன்னேற்றமும் இல்லை என்றால் அறுவை மருத்துவரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. மயக்கம் கொடுத்து முழங்காலை மடக்கித் தழும்பு ஒட்டல்களை விடுவிக்கும் முறை இருக்கிறது. முதல் 12 வாரத்துக்குள் செய்தால் பலன் கூடுதல். "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று தள்ளித் தள்ளி ஐந்தாம் மாதத்தில் போய் நிற்பவர்களுக்கு அந்த வழி பாதி மூடியிருக்கும்.

நடை

வாக்கரின் உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடம். முதலில் வாக்கர், பிறகு மாற்றிய கால், பிறகு நல்ல கால். குதிகால் முதலில் பதிய வேண்டும். பாதத்தைத் தட்டையாக வைத்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கைத்தடிக்கு மாறும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்தில் பிடிப்பதுதான் இயல்பு என்று தோன்றும், அதனால் முக்கால்வாசிப் பேர் தவறாகவே பிடிக்கிறார்கள். மாற்றிய கால் முன்னே போகும்போது எதிர்க்கையில் உள்ள தடியும் கூடவே போனால் எடை இரண்டுக்கும் நடுவே பகிர்ந்து விழும், உடம்பு சாயாது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மாற்றிய கால் முதலில், தடி எப்போதும் மாற்றிய காலோடு.

தடியை எப்போது விடலாம்? நாள்காட்டியைப் பார்த்து விடாதீர்கள். தடியில்லாமல் பத்து அடி நடப்பதை யாரையாவது பின்னாலிருந்து போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். தோள் ஒருபக்கம் இறங்குகிறதா, இடுப்பு தூக்கிக்கொள்கிறதா, கால் வெளிப்பக்கம் வளைத்து வீசப்படுகிறதா? ஒன்று இருந்தாலும் தடி தொடரட்டும். விந்தி நடக்கும் பழக்கம் ஆபரேஷனால் வந்தது மட்டுமில்லை. தேய்ந்த மூட்டோடு வருடக்கணக்கில் நடந்தபோது மூளை எழுதிவைத்த நடை அது. மூட்டை மாற்றினாலும் பழைய நடை அப்படியேதான் இருக்கிறது. தடியைச் சீக்கிரம் எறிந்தவர்கள் அந்தப் பழைய நடையைப் புது மூட்டில் தொடர்கிறார்கள்.

வளைந்திருந்த கால் நேரானதால் சிலருக்கு அது நீண்டுவிட்டது போலத் தோன்றும். பெரும்பாலும் சில வாரத்தில் உடம்பு பழகிவிடும். அதற்குள் செருப்புக்குள் அட்டை வைத்துச் சரிக்கட்ட வேண்டாம்.

நான்காம் வாரத்துக்குப் பிறகு

வலி தணிந்ததும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. வலு திரும்புவது அப்போதுதான் தொடங்குகிறது. கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டே இருந்தால் படி இறங்கும் வலு வராது. எடை தாங்கிச் செய்ய வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது இவற்றில் தலையாயது. இங்கே ஒரு சூழ்ச்சி நடக்கும். எழும்போது நல்ல கால் மெல்லப் பின்னுக்கு வந்து, எடையில் பெரும்பங்கைத் தானே சுமந்துகொள்ளும். மாற்றிய கால் முன்னே நீண்டு வேடிக்கை பார்க்கும். இரண்டு எடைக்கருவிகளை ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் வைத்து எழுந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். 60 கிலோ உடம்பில் எழும் நொடியில் ஒன்றில் 40-ம் மற்றதில் 20-ம் காட்டும். பாதங்களை ஒரே கோட்டில் வைத்து, இரண்டு முள்ளும் சமமாக வரும்படி எழுங்கள். முடியாவிட்டால் இருக்கையில் மெத்தை போட்டு உயர்த்திக்கொண்டு, சமமாக எழுவதை முதலில் பழகுங்கள். உயரத்தைப் பிறகு குறைக்கலாம். இறங்கும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண்.

படிப்பலகை 10 செ.மீ. உயரத்தில் தொடங்கி 15, பிறகு 20. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். மாற்றிய காலைப் பலகையில் வைத்துக்கொண்டு நல்ல காலின் குதிகாலை மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனம். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவதும், பிடிமானத்தோடு ஒற்றைக்காலில் நிற்பதும் அதற்கு. எந்தப் பயிற்சியானாலும் கடைசி இரண்டு முறை திணற வேண்டும். 8 முதல் 12 முறை, 2 அல்லது 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 30 முறை சிரமமில்லாமல் செய்ய முடிகிற பயிற்சி வலுவைக் கூட்டாது. பயிற்சியால் வந்த வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் கல்போல இறுகி, தொட்டால் வலித்து, காலை உயர்த்தியும் வீக்கம் இறங்காவிட்டால் ரத்தக்கட்டி இருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. காயத்திலிருந்து நீர் கசிந்துகொண்டே இருப்பது, சிவப்பு பரவுவது, காய்ச்சல், ஆறிவந்த வலி திடீரென்று கூடுவது எல்லாம் கிருமித்தொற்றைச் சுட்டும். இவற்றுக்குப் பிசியோவை முதலில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அறுவை மருத்துவரையே பாருங்கள். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போனால், முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கக்கூடும். கட்டு இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்லி அப்போதே தெரிவியுங்கள். விழுந்த பிறகு, நேற்றுவரை நீட்டிய காலை இன்று நீட்டவே முடியவில்லை என்றால் சில்லைப் பிடித்திருக்கும் தசைநார் அறுந்திருக்கலாம். அது பயிற்சியால் சரியாகிற விஷயமில்லை.

தரையிலிருந்து எழுவது

கடைசியாக, யாரும் சொல்லித்தராத ஒன்று. மூன்றாம் மாதம் வாக்கில், கீழே விழுந்தால் எப்படி எழுவது என்று பழகிவைக்க வேண்டும். மண்டியிட்டால் புது மூட்டு உடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காயம் நன்றாக ஆறியபின் மண்டியிடுவது பெரும்பாலோருக்கு மூட்டைக் கெடுப்பதில்லை. மரத்த தோல் தரையில் படும்போது வரும் விநோதக் கூச்சம்தான் நிறுத்துகிறது. அறுவை மருத்துவரிடம் கேட்டு ஒப்புதல் கிடைத்தபின், தடித்த மெத்தைமேல், உறுதியான நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். நல்ல பக்கமாகத் திரும்பிப் படுத்து, கைகளை ஊன்றி நாலு காலில் வாருங்கள். நாற்காலியின் இருக்கையில் இரண்டு முன்கையையும் பதியுங்கள். மாற்றிய முழங்கால் மெத்தைமேல் இருக்க, நல்ல காலின் பாதத்தை முன்னே கொண்டுவந்து தரையில் ஊன்றுங்கள். அந்தக் காலாலும் கைகளாலும் அழுத்தி எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே இருங்கள்; தலைசுற்றல் இல்லையென்று பார்த்துவிட்டு நிற்கலாம்.